ஹோம் தியேட்டரில் படம் வராவிட்டால்: டிவி, ரிசீவர், பாக்ஸ் மூன்றையும் ஒத்துப்போக வைக்கும் முழுமையான வழிகாட்டி

புது 4கே டிவி, சித்தப்பா கொடுத்த பழைய ரிசீவர் (ஸ்பீக்கர்களை ஓட்டும், படத்தையும் தன் வழியே டிவிக்கு விடும் பெட்டி), கேபிள்காரர் தந்த செட்டாப் பாக்ஸ், ஆன்லைனில் வாங்கிய ஒரு ஃபயர் ஸ்டிக். நெல்லைப் பக்கம் பல வீடுகளில் ஹோம் தியேட்டர் என்பது இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்ததுதான். தனித்தனியே எல்லாம் ஓடும். சேர்த்து மாட்டினால் திரை கறுத்துவிடும். உடனே ஜங்ஷனுக்குப் போய் விலை கூடிய எச்டிஎம்ஐ கேபிள் ஒன்றை வாங்கி வருவார்கள். அதற்கும் படம் வராது. அப்புறம் டிவியைத் திட்டுவார்கள்.

கேபிள் இந்த வழிகாட்டியில் ஒன்பதாவதாகத்தான் வருகிறது. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றிப் படம் வந்துவிட்டால் எது காரணம் என்று தெரியாமலே போகும். அடுத்த மாதம் அதே கோளாறு திரும்பும்போது மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

ஒன்று அல்லது ஒன்றரை மீட்டர் நீளத்தில், வேறு டிவியில் நன்றாக ஓடிய ஒரு எச்டிஎம்ஐ கேபிள். இது சோதனைக்கு மட்டும். குட்டைக் கேபிளில் சிக்னல் கெட வாய்ப்பு குறைவு. அதனால் கேபிளைச் சந்தேகப்படாமல் மற்றவற்றைச் சோதிக்கலாம்.

எல்லா ரிமோட்டும், பேட்டரியோடு. ரிசீவரின் ரிமோட் தொலைந்துபோன வீடுகள்தான் அதிகம். அது இல்லாமல் ஆறாவது, எட்டாவது படிகளைச் செய்ய முடியாது. முன்பக்கப் பொத்தான்களால் எல்லா மெனுவுக்குள்ளும் போய்விட முடியாது.

ஒவ்வொரு சாதனத்தின் பின்பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாடல் எண், வோல்டேஜ், போர்ட்டுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பவை, இந்த மூன்றும் தெளிவாக விழ வேண்டும். போர்ட் பக்கத்தில் உள்ள எழுத்தை யாரும் படிப்பதில்லை. பாதி விடை அங்கேதான் அச்சடித்திருக்கும். மாடல் எண்ணை வைத்து மேனுவலை இறக்கிக்கொள்ளுங்கள்.

2. எர்த் சரியா என்று பார்த்துவிட்டுத்தான் பின்னை மாட்ட வேண்டும்

செட்டாப் பாக்ஸுக்குச் சிக்னல் கொண்டுவரும் கோஆக்ஸ் வயரைத் தொட்டால் சுரீர் என்கிறதா? டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரிகிறதா? பாக்ஸுக்கும் டிவிக்கும் இரண்டு பின் அடாப்டர் போட்டிருந்தால், அல்லது சுவரில் மூன்றாவது பின்னுக்கு எர்த்தே இல்லாவிட்டால், சாதனத்தின் உலோகப் பகுதியில் கசிவு மின்சாரம் நிற்கும். பெரும்பாலும் ஆளை ஒன்றும் செய்யாத அளவுதான். ஆனால் எச்டிஎம்ஐ போர்ட்டுக்குள் ஓடுவது 5 வோல்ட் சமாச்சாரம். மாட்டுகிற நொடியில் அந்தக் கசிவு அதன் வழியே இறங்கினால் போர்ட் போய்விடும்.

அதனால் ஒவ்வொரு முறையும் எல்லாச் சாதனங்களையும் சுவர் சுவிட்சில் அணைத்துவிட்டு மாட்டுங்கள். ஸ்டாண்ட்பை விளக்கு எரிந்தால் அணைந்ததாக அர்த்தமில்லை. டிவி, ரிசீவர், பாக்ஸ் மூன்றும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டிலிருந்து, எர்த் உள்ள ஒரே பாயின்ட்டில் இருப்பது நல்லது. ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் கேட்பதும் பல வீடுகளில் இதோடு நின்றுவிடும்.

3. கோளாறு எந்த வகை என்று பிரியுங்கள்

"படம் வரல அண்ணாச்சி" என்று சொன்னால் எதிரில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. எப்படி வரவில்லை என்பதுதான் கேள்வி.

டிவி 'சிக்னல் இல்லை' என்கிறதா? அப்படியானால் வழியில் ஏதோ ஒன்று அணைந்திருக்கிறது, தவறான இன்புட்டில் இருக்கிறது, அல்லது டிவி ஏற்காத வடிவத்தில் சிக்னல் போகிறது. மெனு தெரிகிறது, படத்தைப் போட்டதும் கறுக்கிறது அல்லது எச்டிசிபி என்று ஒரு செய்தி வருகிறது என்றால் அது பாதுகாப்புப் பூட்டுச் சிக்கல். ஏழாவது படிக்குப் போகும் விஷயம்.

படம் ஓடிக்கொண்டிருக்கும்போது வெள்ளைப் பொட்டுகள் மின்னுகின்றன, அல்லது சில விநாடி கறுத்துத் திரும்புகிறது என்றால் சிக்னல் கொண்டுவரும் பாதை திணறுகிறது. இது மட்டும்தான் பெரும்பாலும் கேபிளைக் காட்டும் அறிகுறி.

முகமெல்லாம் ரோஸ் அல்லது பச்சையாக இருந்தால் ஒரு சாதனம் ஆர்ஜிபி முறையிலும் இன்னொன்று ஒய்சிபிசிஆர் முறையிலும் நிறத்தைப் படிக்கிறது. கறுப்பு சாம்பலாகத் தெரிந்தாலோ, இருட்டுக் காட்சியில் ஒன்றுமே தெரியாமல் கறுப்பு அப்பிக்கிடந்தாலோ, ஆர்ஜிபி ரேஞ்ச் என்ற செட்டிங் ஒருபக்கம் ஃபுல், மறுபக்கம் லிமிடெட் என்று இருக்கும். இரண்டையும் ஆட்டோவில் விட்டுப் பாருங்கள். கேட்காவிட்டால் இரண்டையும் லிமிடெட்டில் வையுங்கள்.

ஒன்று கோளாறே இல்லை. ஸ்டிக்கில் ஃபிரேம் ரேட்டைப் படத்துக்கு ஏற்ப மாற்றும் வசதியை ஆன் செய்திருந்தால், படம் தொடங்கும்போதும் முடியும்போதும் திரை ஓரிரு விநாடி கறுக்கும். சினிமா 24 ஃபிரேம், ஸ்டிக்கின் மெனு 60. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நேரம் அது.

4. திரையிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள்

ரிசீவரைக் கழற்றி ஓரமாக வையுங்கள். டிஸ்க் பிளேயரையோ ஸ்டிக்கையோ (இனி இரண்டையும் பிளேயர் என்றே சொல்கிறேன்) அந்தக் குட்டைக் கேபிளால் நேராக டிவியில் மாட்டுங்கள். படம் வந்தால் டிவியும் பிளேயரும் ஒன்றையொன்று ஏற்கின்றன. வராவிட்டால் ரிசீவருக்கு இதில் சம்பந்தமே இல்லை. டிவியின் வேறு போர்ட்டில் மாட்டிப் பாருங்கள்.

அடுத்து ரிசீவரை மட்டும் டிவியில் மாட்டி, அதன் மெனுவைத் திறங்கள். மெனு திரையில் தெரிந்தால் அந்த இணைப்பு உயிரோடு இருக்கிறது. ஆனால் மெனு குறைந்த ரெசொல்யூஷனில் வரக்கூடும். அது வந்ததால் 4கே-யும் வரும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

மூன்றாவதாகப் பிளேயரை ரிசீவர் வழியாக மாட்டுங்கள். இங்கே போனால் கோளாறு ரிசீவரில், அல்லது ரிசீவர் மற்ற இரண்டுக்கும் நடுவே தரகு பேசும் விதத்தில்.

ஏன் பின்னோக்கி என்றால், எச்டிஎம்ஐ-யில் படம் அனுப்புவதற்கு முன்னால் ஒரு பேச்சு நடக்கிறது. பிளேயர் 5 வோல்ட் கொடுக்கும். டிவி 'நான் இருக்கிறேன்' என்று பதில் தரும். அப்புறம் டிவி தனக்கு என்னென்ன ரெசொல்யூஷன், என்னென்ன நிறம், என்னென்ன ஒலி தெரியும் என்று ஒரு சின்னப் பட்டியலை அனுப்பும். அந்தப் பட்டியலுக்குப் பெயர் இடிஐடி. அதைப் படித்த பிறகுதான் பிளேயர் எதை அனுப்புவது என்று தீர்மானிக்கும். பேச்சைத் தீர்மானிப்பது திரைதான். திரை சரியில்லாமல் மற்றதைத் தோண்டுவது வீண் வேலை.

எந்தக் கட்டத்திலும் டிவி ரிமோட்டில் இன்ஃபோ பொத்தானை அழுத்திப் பாருங்கள். உள்ளே வரும் சிக்னல் என்ன என்று பெரும்பாலான டிவிகள் காட்டும். பெட்டியின் மேல் 4கே என்று போட்டிருப்பதை நம்பி உட்கார்ந்திருப்பவர் இங்கே 1080பி என்று பார்த்துத் திடுக்கிடுவதுண்டு.

5. எது எவ்வளவு தாங்கும் என்று எழுதிக்கொள்ளுங்கள்

கன்னடியன் கால்வாயில் எவ்வளவு தண்ணீர் ஓடினாலும் உங்கள் வயலுக்கு மடை அளவுதான் பாயும். பிளேயர், ரிசீவர், கேபிள், டிவி போர்ட் இந்த நான்கில் குறைந்தது எதுவோ அதுதான் உங்கள் அளவு.

2009-ல் வந்த எச்டிஎம்ஐ 1.4 விநாடிக்கு 10.2 கிகாபிட் தாங்கும். 4கே படம் இதில் போகும், ஆனால் 30 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 30 ஃபிரேம் வரைதான். 2013-ல் வந்த 2.0, 18 கிகாபிட். 4கே 60 ஹெர்ட்ஸ் இங்கேதான் வருகிறது. வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் நுணுக்கத்தோடு காட்டும் எச்டிஆர் 2015-ல் 2.0ஏ-வோடு சேர்ந்தது. 2017-ல் வந்த 2.1 அதிகபட்சம் 48 கிகாபிட் தாங்கும். ஆனால் 2.1 என்று எழுதியிருந்தாலே 48 என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 24, 40 என்று நிற்கும் சாதனங்களும் அதே பெயரில் கடையில் இருக்கின்றன. கிகாபிட் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

இனி தேவையைப் பார்ப்போம். 1080பி 60 ஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 4.5 கிகாபிட் போதும். 4கே 30 ஹெர்ட்ஸுக்கு 8.9. 4கே 60 ஹெர்ட்ஸ், 8 பிட் (நிறத்தின் நுணுக்க அளவு), முழு நிறத்துக்கு 17.8, அதாவது 2.0-வின் எல்லையைத் தொட்டுவிடும். அதையே 10 பிட் எச்டிஆராக முழு நிறத்தில் அனுப்ப 22-க்கு மேல் வேண்டும். 18-க்குள் அடங்காது. அதனால்தான் பிளேயர்கள் நிறத் தகவலைச் சுருக்கி 4:2:2 அல்லது 4:2:0 என்று அனுப்புகின்றன. 4:2:0, 10 பிட் என்றால் 11.1 போதும். சினிமா பார்க்கும் கண்ணுக்கு இதில் வித்தியாசம் தெரியாது. கம்ப்யூட்டரை மாட்டி எழுத்தைப் படிப்பவருக்குத் தெரியும். நிற எழுத்துகளின் ஓரம் பிசிறடிக்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 2013, 2014 காலத்து ரிசீவர்கள் சிலவற்றில் '4கே 60 ஹெர்ட்ஸ்' என்று பெருமையாக அச்சிட்டிருக்கும். உள்ளே தாங்குவது பழைய 10.2 கிகாபிட்தான். 4:2:0, 8 பிட் சிக்னலை மட்டும் விடும். எச்டிஆர் போட்டால் கறுத்துவிடும். பழைய ரிசீவர் வாங்கப் போகிறவர் மாடல் எண்ணை வைத்து இதைத் தேடிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

6. டிவியில் அந்தப் போர்ட்டைத் திறந்துவிடுங்கள்

இதைச் செய்யாமல் கேபிளுக்கும் ரிசீவருக்கும் காசைச் செலவழித்தவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். புது டிவி கடையிலிருந்து வரும்போது போர்ட்டுகள் பெரும்பாலும் குறைந்த வேகத்தில், பழைய சாதனங்களுக்கு ஒத்துப்போகிற மாதிரி வைக்கப்பட்டிருக்கும். முழு வேகம் வேண்டுமென்றால் நாம்தான் மெனுவுக்குள் போய் மாற்ற வேண்டும்.

சாம்சங்கில் இதன் பெயர் இன்புட் சிக்னல் பிளஸ், பழைய மாடல்களில் எச்டிஎம்ஐ யுஎச்டி கலர். எல்ஜியில் எச்டிஎம்ஐ அல்ட்ரா எச்டி டீப் கலர். சோனியில் எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மட், அதற்குள் என்ஹான்ஸ்டு ஃபார்மட். இது போர்ட்டுக்குப் போர்ட் தனியாக இருக்கும். ஒன்றாவது போர்ட்டில் மாற்றிவிட்டு இரண்டாவதில் கேபிளை மாட்டியிருந்தால் பலன் இல்லை.

ரிசீவரிலும் இதே மாதிரி ஒரு செட்டிங் உண்டு. டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்களில் 4கே சிக்னல் ஃபார்மட் என்று வரும். டிவியில் மாற்றி ரிசீவரில் விட்டுவிட்டால் 4கே வரும், எச்டிஆர் வராது. 'பாதிதான் வேலை செய்யுது' என்று குழம்புவது இதனால்தான்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. எல்லாப் போர்ட்டையும் முழு வேகத்துக்கு மாற்றிவிடுவார்கள். பழைய டிவிடி பிளேயரோ பழைய செட்டாப் பாக்ஸோ அந்த நீண்ட இடிஐடி பட்டியலைப் படிக்கத் தெரியாமல் விழிக்கும். அதன் படம் போய்விடும். பழைய பாக்ஸ் மாட்டும் போர்ட்டைப் பழைய வேகத்திலேயே விடுங்கள்.

7. எச்டிசிபி: பூட்டும் சாவியும் ஒரே தலைமுறையா?

எச்டிசிபி என்பது திருட்டுப் பதிவைத் தடுக்கும் பூட்டு. 4கே ஓடிடி படங்களுக்கும் 4கே புளூ-ரேவுக்கும் 2.2 பதிப்பு தேவை. வழியில் உள்ள ஒவ்வொரு சாதனமும் 2.2 தெரிந்ததாக இருக்க வேண்டும். நடுவில் ரிசீவர் மட்டும் 1.4 என்றால் ஓடிடி ஆப் 1080பி-க்கு இறங்கிவிடும், அல்லது எச்டிசிபி பிழை என்று செய்தி போட்டு நின்றுவிடும்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. எச்டிஎம்ஐ பதிப்பு எண் வேறு, எச்டிசிபி பதிப்பு எண் வேறு. ஆரம்பகால 4கே டிவிகள் சிலவற்றில் நான்கு போர்ட் இருக்கும், எச்டிசிபி 2.2 ஒன்றே ஒன்றில்தான் இருக்கும். போர்ட் பக்கத்து எழுத்தைப் படமெடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

இதை மெனுவில் சரிசெய்ய முடியாது. கேபிள் மாற்றியும் பயனில்லை. ரிசீவர் 1.4 என்று உறுதியானால் பன்னிரண்டாவது படிக்குத் தாவிவிடுங்கள். காசு மிச்சம்.

8. டிவியும் ப்ரொஜெக்டரும் சேர்ந்திருக்கும் வீடுகள்

ரிசீவரில் இரண்டு எச்டிஎம்ஐ அவுட் இருக்கும். ஒன்று ஹாலில் உள்ள 4கே டிவிக்கு, இன்னொன்று 1080பி ப்ரொஜெக்டருக்கு. இரண்டையும் ஒன்றாக ஆன் செய்தால் ரிசீவர் இரண்டு திரையின் பட்டியலையும் படித்து, இரண்டுக்கும் பொதுவானதை மட்டும் பிளேயரிடம் சொல்லும். 4கே டிவியில் 1080பி-தான் வரும். எச்டிஆரும் போய்விடும். டிவி பழுது என்று நினைத்துவிடுகிறார்கள்.

தீர்வு சுலபம். ரிமோட்டில் அவுட் 1, அவுட் 2 என்று தனித்தனியே தேர்ந்தெடுங்கள். இரண்டையும் சேர்த்துக் காட்டும் நிலையில் வைக்காதீர்கள். ப்ரொஜெக்டர் அணைந்திருந்தாலும் சில மாடல்கள் ஸ்டாண்ட்பையில் பட்டியலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஒரு சிக்னலை இரண்டு திரைக்குப் பிரிக்கும் மலிவு விலை ஸ்ப்ளிட்டர் போட்டவர்களுக்கும் இதே கதைதான்.

9. இப்போதுதான் கேபிள்

குட்டைக் கேபிளில் எல்லாம் ஓடி, நீளக் கேபிளில் மட்டும் பொட்டு மின்னினால் கேபிளை மாற்றுங்கள். சாதாரணச் செம்புக் கேபிள் 18 கிகாபிட்டை ஐந்து மீட்டர் அளவுக்கு நம்பகமாகக் கொண்டுபோகும். அதற்கு மேல் போகப் போகச் சந்தேகம்தான். 1080பி-க்கு அதே கேபிள் பத்து மீட்டர் கூட ஓடியிருக்கும். அதனால்தான் 'போன டிவிக்கு நல்லாத்தானே இருந்துச்சு' என்கிறார்கள்.

பெட்டியில் 'பிரீமியம் ஹை ஸ்பீட்' என்றால் 18 கிகாபிட், 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' என்றால் 48. இரண்டுக்கும் ஸ்கேன் செய்து சரிபார்க்கும் லேபிள் உண்டு. கேபிள்மேல் '8கே' என்றோ '2.1' என்றோ மட்டும் அச்சிட்டிருந்தால் அதற்கு மதிப்பில்லை. தங்க முலாமும் தடித்த பின்னலும் படத்துக்கு எதையும் சேர்க்காது. உவரி, கூடங்குளம் மாதிரிக் கடலோர ஊர்களில் மட்டும் முலாமுக்கு ஒரு பயன் இருக்கிறது: உப்புக்காற்றில் பின் அவ்வளவு சீக்கிரம் பச்சை பிடிக்காது.

மாடியில் தனி அறை கட்டி ப்ரொஜெக்டர் வைப்பவர்கள் ஃபைபர் எச்டிஎம்ஐ வாங்குகிறார்கள். நல்லதுதான். ஆனால் அதற்கு முன்பின் உண்டு. ஒரு முனையில் 'சோர்ஸ்', மறுமுனையில் 'டிஸ்ப்ளே' என்று எழுதியிருக்கும். திருப்பி மாட்டினால் படம் வராது. அம்பாசமுத்திரத்தில் ஒரு புது வீட்டில் பதினைந்து மீட்டர் ஃபைபர் கேபிளைப் பைப்பில் இழுத்து, ஃபால்ஸ் சீலிங்கும் மூடி, பெயின்டும் அடித்து முடித்திருந்தார்கள். படம் இல்லை. ரிசீவர் பக்கத்து முனையைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் டிஸ்ப்ளே. எலக்ட்ரீசியன் தம்பி அண்ணாந்து சீலிங்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். நல்லவேளை, பைப்பில் இழுகயிறு விட்டு வைத்திருந்தார்கள்.

வீடு கட்டுகிறவர்களுக்கு அதனால் இவ்வளவு. எச்டிஎம்ஐ முனை அகலமானது. லைட்டுக்குப் போடும் முக்கால் இஞ்ச் பைப்பில் நுழைந்தாலும் வளைவில் மாட்டிக்கொள்ளும். பெரிய பைப் போடுங்கள். செங்குத்தான எல்போ வேண்டாம், அகலமான பெண்டு போடுங்கள். கூர்மையாக மடங்கினால் ஃபைபர் உள்ளே ஒடிந்துவிடும். உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டு வையுங்கள். முக்கியமாக, இழுப்பதற்கு முன் கேபிளைத் தரையில் விரித்துப் போட்டு, 4கே எச்டிஆர் படம் ஒன்றை அரைமணி நேரம் ஓட்டிப் பாருங்கள். பூச்சு வேலை முடிந்த பிறகு சோதிப்பதில் ஒரு லாபமும் இல்லை.

10. மஞ்சள் வயர் காலத்துச் சாதனங்கள்

பழைய செட்டாப் பாக்ஸில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர் இருக்கும். புது டிவியில் மஞ்சள் துளையே இருக்காது. பல டிவிகளில் பச்சைத் துளையின் ஓரத்தில் மஞ்சள் வளையம் இருக்கும். மஞ்சள் வயரை அந்தப் பச்சையிலேயே மாட்டி, இன்புட்டை ஏவி என்று தேர்ந்தெடுத்தால் போதும். இன்புட்டைக் காம்பொனென்ட் என்று விட்டுவிட்டால் படம் கறுப்பு வெள்ளையில் வரும்.

பாக்ஸின் பக்கம் ஹெட்ஃபோன் துளை மாதிரி இருக்கிறதா? அந்த ஏவி வயர் எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றல்ல. பின்னில் உள்ள வளையங்களின் வரிசை மாறும். வேறு பாக்ஸின் வயரைப் போட்டால் ஸ்பீக்கரில் 'கர்ர்' என்று இரைந்து, படம் வராமல் நிற்கும். படச் சிக்னல் ஒலிக்குள் போவதால் வரும் இரைச்சல் அது. டிவி பக்கத்தில் மஞ்சளையும் சிவப்பையும் மாற்றி மாட்டிப் பாருங்கள், சில நேரம் அதிலேயே சரியாகும். கிரவுண்டு வளையமே இடம் மாறியிருந்தால் எப்படி மாற்றினாலும் வராது. அந்தப் பாக்ஸுக்குரிய வயரையே கேட்டு வாங்குங்கள்.

கன்வெர்ட்டர் வாங்கும்போது திசையைப் பாருங்கள். ஏவி-யிலிருந்து எச்டிஎம்ஐ வேறு, எச்டிஎம்ஐ-யிலிருந்து ஏவி வேறு. டப்பா பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஒருவழிதான் வேலை செய்யும். கூடவே யுஎஸ்பி பவர் கொடுக்க வேண்டும்.

11. வெளிநாட்டிலிருந்து வந்த சாமான்கள்

மேலப்பாளையம், கடையநல்லூர்ப் பக்கம் வளைகுடாவிலிருந்து வந்த டிவியும் ரிசீவரும் நிறைய. அவற்றில் மின்சாரத் தொல்லை குறைவு. நம் ஊர் 230 வோல்ட்டை ஏற்கும். அமெரிக்காவிலிருந்து வந்தது என்றால் பின்பக்க லேபிளை முதலில் படியுங்கள். '100-240' என்றிருந்தால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். '120' மட்டும் இருந்தால் நேராக மாட்டாதீர்கள், ஒரே நொடியில் புகைந்துவிடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், ரிசீவரின் வாட்ஸைவிடத் தாராளமான அளவில்.

அடுத்தது ஹெர்ட்ஸ். நம் செட்டாப் பாக்ஸ்கள் 50 ஹெர்ட்ஸில் படம் அனுப்பும். அமெரிக்கச் சந்தைக்குச் செய்த டிவிகள் பல 60 ஹெர்ட்ஸை மட்டும் ஏற்கும். ஸ்டிக் ஓடும், பாக்ஸ் ஓடாது என்றால் இதைச் சந்தேகப்படுங்கள். பாக்ஸின் மெனுவில் 60 ஹெர்ட்ஸ் இருந்தால் மாற்றுங்கள். இல்லையென்றால் நடுவே ஹெர்ட்ஸை மாற்றித் தரும் ஒரு ஸ்கேலர் வைக்க வேண்டியதுதான்.

டிஸ்க் ஓடாவிட்டால் அது சிக்னல் கோளாறு அல்ல. புளூ-ரேயில் இந்தியா சி மண்டலம், வளைகுடா பி, அமெரிக்கா ஏ. மண்டலம் மாறினால் பிளேயர் மறுக்கும். 4கே புளூ-ரே டிஸ்க்குக்கு மண்டலம் கிடையாது.

12. ரிசீவர் பழசு, விடவும் மனமில்லை என்றால்

நல்ல பழைய ரிசீவரின் ஒலிக்கு வயதாவதில்லை. அதன் எச்டிஎம்ஐ பலகைக்குத்தான் வயதாகிறது. படத்தை ரிசீவர் வழியே விடாதீர்கள். எல்லாவற்றையும் நேராக டிவியில் மாட்டி, டிவியிலிருந்து ஒலியை மட்டும் ரிசீவருக்கு அனுப்புங்கள்.

ரிசீவரில் ஏஆர்சி (டிவியின் ஒலியை அதே எச்டிஎம்ஐ வயரில் ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வசதி) இருந்தால் டிவியில் ஏஆர்சி என்று எழுதிய போர்ட்டிலேயே மாட்டுங்கள், மற்றவற்றில் வராது. சாதனங்கள் ஒன்றையொன்று இயக்கும் சிஇசி-யையும் இரு பக்கமும் ஆன் செய்யுங்கள். சாம்சங்கில் அது எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். ஏஆர்சி வழியாக டால்பி டிஜிட்டலும் டால்பி டிஜிட்டல் பிளஸும் போகும். புளூ-ரேயின் ட்ரூஎச்டி ஒலி போக, ஏஆர்சி-யின் மேம்பட்ட வடிவமான இ-ஏஆர்சி வேண்டும், அதுவும் இரு பக்கமும். ஏஆர்சியே இல்லாத ரிசீவர் என்றால் ஆப்டிகல் வயர். அதில் டால்பி டிஜிட்டல் பிளஸ் போகாது, டிவியின் ஒலி செட்டிங்கை டால்பி டிஜிட்டல் என்று மாற்றினால் 5.1 கிடைக்கும்.

புளூ-ரே பிளேயரில் இரண்டு எச்டிஎம்ஐ அவுட் இருந்தால் ஒன்றை டிவிக்கும், ஒலிக்கு மட்டுமான மற்றதை ரிசீவருக்கும் கொடுத்துவிடலாம். இருப்பதில் சுத்தமான வழி அதுதான்.

13. கரண்ட் போய் வந்தாலும், இடி இடித்தாலும்

டிவி இன்வெர்ட்டர் லைனில், ரிசீவர் ஈபி லைனில் என்று பல வீடுகளில் இருக்கிறது. கரண்ட் போனால் டிவி எரியும், ரிசீவர் அணையும், அதன் வழியே வந்த படமும் போகும். இரண்டையும் ஒரே லைனில் வையுங்கள். இன்வெர்ட்டர் தாங்காது என்றால் செட்டாப் பாக்ஸை மட்டுமாவது நேராக டிவியில் மாட்டிவிடுங்கள்.

கரண்ட் திரும்பும்போது எல்லாம் ஒன்றாக விழிக்கும். ரிசீவர் தயாராகும் முன்பே பிளேயர் பட்டியலைக் கேட்டு, பதில் கிடைக்காமல் மிகக் குறைந்த ரெசொல்யூஷனுக்குப் போய்விடும், அல்லது கறுத்து நிற்கும். எல்லாவற்றையும் சுவர் சுவிட்சில் அணைத்து ஐந்து நிமிடம் விடுங்கள். முதலில் டிவி, படம் வந்த பிறகு ரிசீவர், அரை நிமிடம் கழித்து பிளேயர். இந்த வரிசையில் போட்டால் பேச்சு ஒழுங்காக நடக்கும். வீட்டில் மற்றவர்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் வேலையில் இருக்கும்போது போன் வரும்.

ஐப்பசி, கார்த்திகையில் சாயங்கால இடிக்கு எச்டிஎம்ஐ போர்ட்டுகள் பலியாவது இங்கே சாதாரணம். சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். மின்னலின் அதிர்வு மொட்டைமாடி டிஷ்ஷிலிருந்து இறங்கும் கோஆக்ஸ் வழியாகவும் வரும், இன்டர்நெட் லேன் வயர் வழியாகவும் வரும். பாக்ஸுக்குள் நுழைந்து எச்டிஎம்ஐ வழியாக ரிசீவருக்கும் டிவிக்கும் தாவும். சர்ஜ் காக்கும் எக்ஸ்டென்ஷன் போர்டு பெரும்பாலும் கரண்ட் லைனை மட்டுமே காக்கும். மேகம் கறுக்கும்போதே பிளக்கை உருவி, கோஆக்ஸையும் லேன் வயரையும் கழற்றித் தள்ளிப் போடுங்கள். இடி தொடங்கிய பிறகு வயரைத் தொட வேண்டாம்.

இடிக்குப் பிறகு படம் வராவிட்டால் நான்காவது படியை ஒவ்வொரு போர்ட்டிலும் செய்து பாருங்கள். டிவியில் ஒரு போர்ட் மட்டும் உயிரோடு இருந்தால் மெயின் போர்டு மாற்ற ஒப்புக்கொள்ளும் முன் யோசியுங்கள். அந்த ஒரே போர்ட்டில் ரிசீவரையோ, எச்டிசிபி 2.2 தெரிந்த ஒரு எச்டிஎம்ஐ சுவிட்சையோ மாட்டி, மற்ற எல்லாவற்றையும் அதன் வழியே கொண்டுவரலாம்.